வீரமுத்துக் கங்காணி என்று யாரும் இல்லை

தம்பி,

நீ அனுப்பிய பத்திரம் நான்கு நாளாகச் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. மின்விசிறிக் காற்றில் பறந்துவிடாமல் இருக்க அதன்மேல் ஊறுகாய்ப் பாட்டிலை வைத்திருக்கிறேன். சாப்பிட உட்காரும்போதெல்லாம் அதன் முதல் வரி கண்ணில் படுகிறது: என் பெயர், அடையாள அட்டை எண், ஓய்வு பெற்ற ஆசிரியை, கீழே சொல்வதெல்லாம் உண்மை என்று சத்தியம் செய்கிறேன். இரண்டு நாளாக நான் மேசைக்கே போகவில்லை, அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுகிறேன். நேற்று வாசல் கேட்டை யாரோ தட்டினார்கள். விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன், தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவர். முப்பத்து மூன்று வருடம் வகுப்பறையில் நின்றவள் மீட்டர் பார்ப்பவருக்குப் பயந்து ஒளிந்துகொண்டேன் என்றால் நீ நம்பமாட்டாய். ஆனாலும் அது நடந்தது.

நீ தொலைபேசியில் பேசியது அப்படியே காதில் இருக்கிறது. “ம்மா, வியாழக்கிழமை காலையில பிரிக்பீல்ட்ஸ் வந்துருங்க. சத்தியம் வாங்குற கொமிஷனர் எங்க ஆபீசுக்கு மேல் மாடியிலதான் இருக்காரு. பத்து நிமிஷ வேலை லா.” எதற்கு நான், கோயில் கமிட்டியில் ஆள் இல்லையா என்று கேட்டேன். நீ சிரித்தாய். “கமிட்டிக்காரவங்க எல்லாம் நீங்க எழுதுனதப் படிச்சு சொல்றவங்கம்மா. நீங்கதான் ஒரிஜினல்.” சரிப்பா என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தச் ‘சரிப்பா’வைத் திரும்பப் பெறத்தான் இந்தக் கடிதம்.

இதை நீ மட்டும் படிக்கப் போவதில்லை. வியாழக்கிழமை கழிந்த பிறகு இதன் ஒரு பிரதி கோயில் அறிவிப்புப் பலகையில் இருக்கும். நான் செய்தது மறைவாகச் செய்த காரியமல்ல. அச்சடித்து, வந்தவர் கையிலெல்லாம் கொடுத்த காரியம். அதைத் திருத்துவதையும் எல்லோரும் பார்க்கட்டும். ஆகவே உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் மற்றவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

கிள்ளானிலிருந்து மேரு போகும் சாலையில், கண்டெய்னர் லோரிகள் திரும்பும் இடத்தில், தொழிற்சாலைகளுக்கு நடுவே நம் மாரியம்மன் கோயில் இருக்கிறது. ஒரு காலத்தில் அது ரப்பர்த் தோட்டம். தோட்டம் போய்விட்டது, தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் போய்விட்டன. கோயில் மட்டும் நின்றது. இப்போது அந்த நிலத்தை வாங்கிய நிறுவனம் கோயிலை எடுக்கச் சொல்லி வழக்குப் போட்டிருக்கிறது. கோயிலுக்காக வாதாடுவது நீ. உன் வாதத்தின் பெரிய தூண் ஒன்று: எஸ்டேட் வருவதற்கு முன்பே, காடாக இருந்த காலத்திலேயே, இன்றைக்கு நூற்றெண்பது ஆண்டுக்கு முன், வீரமுத்துக் கங்காணி என்பவர் காடு வெட்டும்போது மண்வெட்டி ஒரு கல்லில் பட்டு இரத்தம் வந்தது, அந்தச் சுயம்புக் கல்லைச் சுற்றி எழுந்ததே இந்தக் கோயில். இது கோயிலின் பளிங்குக் கல்வெட்டில் இருக்கிறது. ஒரு பல்கலைக்கழக மாணவியின் ஆய்வேட்டில் இருக்கிறது. இணையத்தில் தேடினால் மூன்று மொழியில் வருகிறது. அத்தனைக்கும் மூலம், முப்பது வருடங்களுக்கு முன் நடந்த கும்பாபிஷேகத்துக்கு வெளியிட்ட மலரில் நான் எழுதிய நான்கு பக்கக் கட்டுரை.

தம்பி, வீரமுத்துக் கங்காணி என்று யாரும் இல்லை. நான் உண்டாக்கிய ஆள் அவர். அன்றைக்கு மேசையில் திருத்துவதற்காகக் கிடந்த நான்காம் ஆண்டு நோட்டுப் புத்தகக் கட்டில் மேலாக இருந்த நோட்டு வீரமுத்து என்ற பையனுடையது. பெயர் அங்கிருந்து வந்தது. இரத்தம் வந்த கதை நான் அதுவரை படித்திருந்த எத்தனையோ கோயில் மலர்களிலிருந்து வந்தது, கை தானாக எழுதிவிட்டது. உன் அப்பாவிடம்கூட இதை நான் சொன்னதில்லை.

எப்படி இப்படிச் செய்தேன் என்று கேட்பாய். நான் பொய் எழுத உட்காரவில்லை. முதலில் உண்மையைத்தான் எழுதினேன். அப்போதைய தலைவர் வீட்டுக்கு வந்து, “டீச்சர், நம்ம கோயில் வரலாற நீங்கதான் எழுதணும்” என்று கேட்டபோது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? ஆண்கள் மட்டுமே எழுதும் மலரில் ஒரு பெண்ணின் கட்டுரை. பள்ளி விடுமுறையில் ஒரு நோட்டோடு லயம் லயமாகப் போனேன். பாதிப் பேர் கதவைத் திறந்ததும், பிள்ளை பள்ளிக்கு வரவில்லை என்று கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்துப் பயந்தார்கள். கோயில் எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் ஒரே வீட்டைக் காட்டினார்கள், கடைசி லயத்தில் மீனாட்சி அக்கா வீடு.

மீனாட்சி அக்காவுக்கு அப்போது ஐம்பதைத் தாண்டியிருக்கும். ரப்பர் மரம் வெட்டி, பால் எடுத்து, உள்ளங்கை பலகை மாதிரி இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாது. நான் கேட்டதும், கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து சொன்னார். நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, அதைப் பார்த்தே எழுதுகிறேன். “எங்கம்மா பேரு சின்னப்பொண்ணு. நான் பொறக்குறதுக்கு முன்ன ஒரு மழக் காலத்துல காய்ச்ச வந்து மூத்த புள்ளைங்க ரெண்டும் ஒரே வாரத்துல போயிருச்சாம். எங்கம்மா அழுவல. அம்மிக்கிட்டப் போயி, இனிமே யாருக்கு அரைக்கப் போறேன்னு சொல்லிட்டு, குழவியத் தூக்கிட்டுப் போயி, தண்ணிக் கொழா பக்கத்துல நட்டு வச்சுட்டாங்க. மஞ்சத் தண்ணி ஊத்துனாங்க. மறுநா பக்கத்து வூட்டுப் பொம்பள ஊத்துச்சு. அதுக்கும் புள்ளைக்கிக் காய்ச்ச. அப்பறம் லயமே ஊத்துச்சு.” குழவி போன பிறகு அம்மியை என்ன செய்தார்கள் என்று கேட்டேன். “அது கெடந்துச்சு. வேற குழவி வாங்கல. எங்கம்மா சாவுற வரைக்கும் பக்கத்து வூட்டு அம்மியிலதான் அரைச்சாங்க.”

இன்னொன்றும் சொன்னார். அதற்கு அப்போது நான் பெரிதாகக் காது கொடுக்கவில்லை. எஸ்டேட் துரை ஒரு நாள் வந்து பார்த்து, இது என்ன என்று கேட்டாராம். ஆபீஸ் கணக்கெழுதும் கிராணியார் மொழிபெயர்த்துச் சொன்னாராம். துரை, “இருக்கட்டும், ஆனால் வேலை நேரத்தில் மணி அடிக்கக்கூடாது” என்று சொல்லிப் போனாராம். மறு வாரம் நாலு தகரம் வந்ததாம், கூரை போட.

நான் இதை அப்படியே எழுதித் தலைவரிடம் கொடுத்தேன். தம்பி, என் வாழ்நாளில் நான் எழுதியவற்றில் அதுதான் நல்ல எழுத்து. தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். “நல்லா எழுதியிருக்கீங்க டீச்சர். மனசு என்னமோ பண்ணுது. ஆனா இத போட்டா சிரிப்பானுங்க லா.”

“ஏன் அண்ணே?”

“அம்மிக் குழவியக் கும்பிடுறோம்னு நாமளே அச்சடிச்சுக் கொடுக்கணுமா? பக்கத்து எஸ்டேட் கோயில் மலரப் பார்த்தீங்களா? சுயம்புவாம். நூத்திப் பத்து வருஷமாம். போன வருஷந்தான் அந்த ஆளு எங்கிட்ட, உங்க கோயிலுக்குக் கதை ஏதாச்சும் இருக்காண்ணேன்னு கேட்டுட்டுப் போறான். எனக்கு எப்படி இருந்திருக்கும்?”

“வேற எழுதணும்னா ஆதாரம் வேணுமே அண்ணே.”

“ஆதாரம் நீங்கதான். டீச்சர் எழுதுனா எவன் கேக்கப் போறான்?”

அவர் கெட்டவர் இல்லை. காலமாகிவிட்டார், பிள்ளைகள் உனக்குப் பழக்கமானவர்கள், அவர்கள் இதைப் படித்து வருந்தக்கூடாது. அவருக்கு அவமானம் என்றால் பயம். நம்மில் பல பேருக்கு அந்தப் பயம் உண்டு. கூலிக்கு வந்தவர்கள் என்று யாரும் சொல்லிவிடக்கூடாதே என்று, வந்த நாளையே பின்னுக்குத் தள்ளி வைத்துக்கொள்கிறோம். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. அதனால்தான் ஒரே மாலையில் நான்கு பக்கத்தையும் மாற்றி எழுத முடிந்தது. சின்னப்பொண்ணு இருந்த இடத்தில் கங்காணியை வைத்தேன். தண்ணீர்க் குழாய் இருந்த இடத்தில் காட்டை வைத்தேன். தலைவர் நூற்றைம்பது போடுங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. நூற்றிருபது என்றார். நானாகத்தான் முப்பதைக் கூட்டி, அன்றைக்கே நூற்றைம்பது ஆக்கினேன். ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

வகுப்பில் ஒரு முறை பலகையில் ஒரு பெருக்கல் கணக்கைத் தவறாகப் போட்டுவிட்டேன். நாற்பது பிள்ளைகளும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும் கை தூக்கினாள். “டீச்சர், எனக்கு வேற விடை வருது.” மறுபடியும் போட்டுப் பார் என்றேன். அவள் போட்டுப் பார்த்துவிட்டு, என் முகத்தையும் பார்த்துவிட்டு, தன் விடையை அழித்து என் விடையை எழுதிக்கொண்டாள். மாலையில் நோட்டுகளைத் திருத்தும்போதுதான் எனக்குப் புரிந்தது. மறுநாள் பலகையை அழித்துச் சரி செய்தேன், எல்லோரும் நோட்டில் திருத்தினார்கள், முடிந்தது. அந்த நான்கு பக்கத்துக்கு அப்படி ஒரு மறுநாள் வரவே இல்லை. கும்பாபிஷேகம் நடந்தது, பளிங்கு வந்தது. அடுத்த தலைவர் ஓர் ஓவியரை வைத்துக் கங்காணியின் படம் வரைந்து மாட்டினார், முறுக்கு மீசையும் தலைப்பாகையுமாக. வருடா வருடம் அவருக்கு மாலை போட்டார்கள். பிறகு அம்பாங்கிலிருந்து ஒருவர் குடும்பத்தோடு வந்து, நான் வீரமுத்துக் கங்காணியின் கொள்ளுப்பேரன் என்றார். அவருக்குப் பரிவட்டம் கட்டினார்கள். நான் மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவர் சொல்வது உண்மையாக இருக்க முடியாது என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்தவள் நான் ஒருத்தி. அதைச் சொல்ல முடியாதவளும் நான் ஒருத்திதான். கையில் இருந்த விபூதியைப் பூசவும் தோன்றாமல் நின்றேன்.

நீயும் இதில் இருக்கிறாய். ஐந்தாம் ஆண்டில் பேச்சுப் போட்டிக்கு எங்கள் கோயில் வரலாறு என்று தலைப்புக் கொடுத்தார்கள். கண்ணாடி முன் நின்று மனப்பாடம் செய்தாய். மண்வெட்டி கல்லில் படும் இடத்தில் கையை ஓங்கிக் காட்டுவாய். முதல் பரிசு. காரில் வரும்போது கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாய், “ம்மா, ரத்தம் வந்துச்சே, அம்மனுக்கு வலிச்சிருக்குமா?” நான் சாலையைப் பார்த்தபடி, “சாமிக்கு வலிக்காதுப்பா” என்றேன். அப்போது சொல்லியிருக்கலாம். உனக்குப் பதினொரு வயது. குழவிக்கல் என்றால் உனக்குச் சிரிப்பு வந்திருக்கும், பிறகு இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு தாயை நினைத்து நீ அழுதிருப்பாய், உன் குணம் எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கோப்பையை உன் மடியிலிருந்து எடுக்க எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்ல நல்ல நேரம் வரும் என்று காத்திருக்காதே. காத்திருக்கக் காத்திருக்கப் பிள்ளை வளர்ந்து வக்கீலாகி, அதே பொய்யோடு கோர்ட்டுக்குப் போவான்.

இவை எல்லாவற்றையும்விட மோசமான ஒன்று இருக்கிறது. எழுதக் கை வரவில்லை, இடையில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

கும்பாபிஷேகத்தன்று மலர் கொடுத்தார்கள். மீனாட்சி அக்கா ஒன்றை வாங்கி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, கூட்டத்தில் என்னைத் தேடி வந்தார். புதுச் சேலை. “டீச்சர், எங்கம்மா வர்ற எடத்த வாசிச்சுக் காட்டுங்க.” தம்பி, அந்தப் பக்கத்தில் அவர் அம்மா இல்லை. நான் பக்கத்தைத் திறந்தேன். அச்சில் வீரமுத்துக் கங்காணி என்று இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே, “சின்னப்பொண்ணு என்ற தாய்” என்று வாசித்தேன். குழவி, தண்ணீர்க் குழாய், மஞ்சள் தண்ணீர், எல்லாவற்றையும், நான் முதலில் எழுதியது மனப்பாடமாக இருந்ததால், அங்கே அச்சில் இருப்பதுபோலவே வரிக்கு வரி விரலை நகர்த்தி வாசித்தேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். முடிந்ததும், “எங்கம்மா பேரு எங்க இருக்கு, தொட்டுக் காட்டுங்க” என்றார். நான் தொட்டுக் காட்டினேன். அவர் அந்த இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அவருடைய கடைக்குட்டி வசந்தி அப்போது என்னிடம் மூன்றாம் ஆண்டு படித்தாள். நன்றாகப் படிக்கத் தொடங்கியிருந்தாள், வழியில் கடைப் பெயர்ப்பலகை ஒன்றையும் விடமாட்டாள். எனக்கு அது நினைவு வந்தது. மீனாட்சி அக்காவின் கையைப் பிடித்து, “அக்கா, இது சாமி புத்தகம். பிள்ளைங்க கையில கொடுத்துறாதீங்க, கிழிச்சிடுவாங்க. துணியில சுத்திப் பத்திரமா வைங்க” என்றேன். ஓர் ஆசிரியை, தான் எழுத்துச் சொல்லிக்கொடுத்த பிள்ளையின் கையில் புத்தகத்தைக் கொடுக்காதே என்று சொன்னேன். அதன் பிறகு வசந்தி பள்ளியை விட்டுப் போகும்வரை, அவள் வாசிக்க எழுந்து நிற்கும்போதெல்லாம் என் முதுகு வியர்த்தது. மீனாட்சி அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மஞ்சள் துணியில் சுற்றிச் சாமி மாடத்தில் வைத்தார், யாரையும் தொட விடவில்லை.

இரண்டு வாரத்துக்கு முன் கிள்ளான் பாசாரில் மீன் வாங்க நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல், “டீச்சர், என்னைத் தெரியுதா?” திரும்பாமலே தெரிந்துவிட்டது. வசந்தி. மேருவில் கையுறைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறாளாம். நாற்பது வயதாகப் போகிறது. அப்படியே மீனாட்சி அக்கா முகம்.

“அம்மா தவறிட்டாங்க டீச்சர். ஆடி மாசம்.”

“கேள்விப்பட்டேன்மா. வர முடியல.” வர முடியாமல் இல்லை. பயந்துகொண்டு போகவில்லை.

“அந்தக் கோயில் புக்கு இருக்குல்ல, அத நெஞ்சுல வச்சுத்தான் அனுப்புனோம். அம்மா முன்னாடியே சொல்லி வச்சிருந்தாங்க. துணியக்கூடப் பிரிக்கல. இப்போ எம்மவளுக்கு ஸ்கூல்ல குடும்ப வரலாறு செய்யச் சொல்லியிருக்காங்க. எங்க சின்னப்பொண்ணு ஆயா பேரு அதுல இருக்குல்ல டீச்சர்? உங்ககிட்ட வேற காப்பி இருந்தாக் கொடுங்க, போன்ல படம் புடிச்சிட்டுத் தந்துர்றேன்.”

மீன்காரர் கத்தியைப் பிடித்துக்கொண்டு, “டீச்சர், வெட்டவா, முழுசாவா? பின்னாடி ஆளு நிக்கிது” என்றார். பின்னால் நின்றவர், “டீச்சருக்கே ஆன்சர் தெரியல போல” என்று சொல்ல நாலு பேர் சிரித்தார்கள். வசந்தியும் சிரித்தாள். “தேடிப் பார்க்கிறேன்மா” என்று சொல்லிவிட்டு, வெட்டாத மீனையே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த வாரம் உன் பத்திரம் வந்தது. இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்ததைத் தற்செயல் என்று நீ சொல்வாய். நான் கோயிலுக்குப் போகிறவள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அம்மனின் வெள்ளிக்கவசத்துக்குள் இருப்பது என்ன கல் என்று எனக்குத் தெரியும். முப்பது வருடமாக அதன் முன்னால் நின்று கண்ணை மூடிக்கொள்கிறேன், பக்தியினால் என்று பக்கத்தில் நிற்பவர்கள் நினைப்பார்கள்.

எதற்கெல்லாம் பயப்படுகிறேன் என்று உனக்குச் சொல்லிவிடுகிறேன். கையெழுத்துப் போட்டால், எதிர்த் தரப்பு வக்கீல் எழுந்து, “உங்களுக்கு இது எப்படித் தெரியும், டீச்சர்?” என்று கேட்பார். நானே வகுப்பில் ஆயிரம் தரம் கேட்ட கேள்வி. எனக்கு விடை கிடையாது. தோட்டத்துப் பழைய பதிவுகள் எங்கேயாவது ஒரு பெட்டியில் இருக்கும். பொய்ச் சத்தியத்துக்குச் சிறை உண்டு. இந்த வயதில் சிறை எனக்குப் பெரிதல்ல என்று எழுத நினைத்தேன், அதுவும் பொய், எனக்குப் பயமாக இருக்கிறது. அதைவிட, பெற்ற தாயின் பொய்யைக் கோர்ட்டில் வைத்தவன் என்று உன் பெயர் கெடுவது. அந்தப் பெயரோடு நீ எந்த நீதிபதி முன் நிற்பாய்? கையெழுத்துப் போடாவிட்டால், கோயில் போய்விடலாம். ஒரு காலையில் இயந்திரம் வந்து நிற்பதை நான் கண்ணால் பார்க்க நேரலாம். இப்போதைய தலைவர் போன வாரம்கூட, “டீச்சர், நீங்கதான் நம்ம அம்மனுக்குச் சாட்சி” என்று கையெடுத்துக் கும்பிட்டார். அதே மனிதர் என்னைக் கோயிலைக் காட்டிக்கொடுத்தவள் என்று சொல்வார். பாசாரில் யாரும் பேசமாட்டார்கள். நம் கோயிலை வைத்து, இவர்கள் கோயில் வரலாறெல்லாம் இப்படித்தான் என்று மற்றவர்கள் பேசுவார்கள். வேறு கோயில்கள், உண்மையாகவே பழைய கோயில்கள், என்னால் அடிபடுமோ என்ற நினைப்புத்தான் அதிகமாகத் தூக்கத்தைக் கெடுக்கிறது.

இத்தனைக்கும் பிறகு, நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. தைரியம் வந்து எடுத்த முடிவல்ல இது. எந்தப் பக்கம் திரும்பினாலும் பயம் இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் மீனாட்சி அக்காவுக்கு நான் வாசித்துக் காட்டிய அந்த நாளை நானே மறுபடியும் செய்வதாகும், இந்த முறை சத்தியம் செய்து. அது ஒன்றை மட்டும் என்னால் இன்னொரு தரம் செய்ய முடியாது. அவ்வளவுதான்.

அதற்குப் பதிலாக என் கையால் ஒரு பத்திரம் எழுதியிருக்கிறேன். எனக்கு நேராகத் தெரிந்தது எது, மீனாட்சி அக்கா சொல்லக் கேட்டது எது, நானாகக் கற்பனை செய்தது எது என்று பிரித்து எழுதியிருக்கிறேன். கோயிலுக்குத் தொண்ணூறு வயதுகூட நிரம்பாது. துரை ‘இருக்கட்டும்’ என்று சொன்னதையும், தகரம் வந்ததையும் எழுதியிருக்கிறேன். காட்டில் கிடைத்த கல் என்று நான் எழுதியபோது துரை கொடுத்த அந்த அனுமதிக்கு இடமில்லாமல் போய்விட்டது. அது உன் வழக்குக்கு உதவுமா, கெடுக்குமா, காதால் கேட்டதை நீதிபதி எடுப்பாரா, எனக்குத் தெரியாது. நீதான் சொல்ல வேண்டும். வழக்கை வேறு வக்கீலிடம் கொடுக்க வேண்டும் என்றாலும் கொடுத்துவிடு, என் முகத்துக்காக வைத்துக்கொள்ளாதே. இனிமேல் யார் உன் முன்னால் வந்து உட்கார்ந்து சாட்சி சொன்னாலும், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று முதலில் கேள். என்னைக் கேட்டிருந்தால் அன்றைக்கே உடைந்திருப்பேன். அம்மா என்பதால் நீ கேட்கவில்லை. அந்த மரியாதை எனக்கு வேண்டாம்.

கோயிலைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே வேண்டிக்கொண்டவர்களின் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் இறங்கியது, நிறைய பேருக்கு. உனக்கும்தான், மூன்று வயதில், மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்தாய். நான் போய் மஞ்சள் தண்ணீர் ஊற்றினேன். அப்போது கங்காணியை நான் உண்டாக்கியிருக்கவில்லை. கல்லுக்கு என்ன வயது என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை.

நேற்று வசந்தியைக் கூப்பிட்டேன். புத்தகத்தை நேரில் தருகிறேன், அதோடு உன் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிய நோட்டு இருக்கிறது, வியாழக்கிழமை என்னோடு பிரிக்பீல்ட்ஸ் வரை வருகிறாயா என்றேன். “லீவு போட்டுட்டு வரேன் டீச்சர். எங்கம்மா பேசுனது அப்படியே இருக்கா?” என்றாள். அப்படியே இருக்கிறது என்றேன். அவளுக்கு வேறெதுவும் தெரியாது. கிள்ளானில் காலை ரயிலில் ஏறுவோம். ஏறி உட்கார்ந்ததும் நோட்டை அவள் கையில் கொடுத்துவிடுவேன். நோட்டுக்குள் என் பழைய மலரையும் வைத்திருக்கிறேன், அந்த நான்கு பக்கத்தில் ஒரு ரிப்பனும் வைத்திருக்கிறேன். இந்த முறை நான் வாசித்துக் காட்டமாட்டேன். அவளே படிப்பாள். நன்றாகப் படிப்பாள், நான் சொல்லிக்கொடுத்ததுதான்.

பிரிக்பீல்ட்ஸ் பக்கத்தில் இருக்கும் சென்ட்ரல் வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். நடுவில் எத்தனை ஸ்டேஷன் என்று எண்ணிப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டேன். எதில் வேண்டுமானாலும் அவள் இறங்கிப் போகலாம், அவளுக்கு அந்த உரிமை உண்டு. நோட்டை எடுத்துக்கொண்டே இறங்கினாலும் நான் கேட்கமாட்டேன், அது அவள் வீட்டுச் சொத்து.

உன் ஆபீஸ் அறையில் வருகிறவர்களுக்கு ஒரே ஒரு நாற்காலிதான் இருக்கிறது, போன தடவை கவனித்தேன். வியாழக்கிழமை இரண்டாகப் போட்டு வை. நான் மட்டும் கதவைத் திறந்து வந்தாலும், அந்த இன்னொன்றை எடுத்துவிடாதே.

அம்மா